பத்து எண்ணும் வரை

ஜூலை 1, திங்கள்

இந்த டைரி கூட்டுறவு வங்கி இலவசமாகக் கொடுத்தது. ஜனவரியிலிருந்து ஜூன் வரை வெள்ளையாகக் கிடக்கிறது. நான் உயிரோடு இருந்ததற்கே சாட்சி இல்லை. இன்றிலிருந்து எழுதுவதென்று முடிவு. இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி கமிட்டி. அன்றைக்கு ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை நிரூபித்துவிட்டால் நான் முனைவர் உலகம்மாள். இல்லாவிட்டால் ஆறு வருடம் லேபில் உட்கார்ந்து எழுந்த உலகம்மாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டிக்க முடியாது என்று ஆபீஸில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அத்தியாயத்தை அம்மாவுக்கு விளக்கியபடியே எழுதிவைக்கிறேன், அதைவிட நன்றாக எனக்கே விளக்கத் தெரியாது. பெரோவ்ஸ்கைட் நானோ படிகம். ஆயிரக்கணக்கில் வரிசையாக அடுக்கினால்தான் ஒரு தலைமுடி அகலம் வரும். உள்ளே ஒவ்வொரு ஈய அணுவைச் சுற்றியும் ஆறு இடம். அந்த இடங்களில் புரோமினும் அயோடினும் கலந்து உட்கார்ந்திருக்கும். வெளிச்சம் பட்டால் போச்சு. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பெண் வீட்டார் ஒரு பக்கம் என்று கூடிக்கொள்கிற மாதிரி அயோடின் எல்லாம் ஒரு மூலைக்கு நகர்ந்துவிடும். கலந்திருக்கும்போது ஆரஞ்சாக ஒளிர்ந்த படிகம், பிரிந்தபின் சிவப்பாக ஒளிரும். இதுவரை ஊருக்கே தெரியும். நான் சொல்வது அடுத்தது: ஒரு முழு நாள் இருட்டில் வைத்தால் பழையபடி கலந்துவிடும். எத்தனை தடவை பிரித்தாலும் கலக்கும்.

சோதனை சுலபம். கண்ணாடித் துண்டில் படிகங்களைப் பூசி ஒரு கறுப்புப் பெட்டியில் வைத்து, பெட்டியை இருட்டறையில் வைத்தாயிற்று. தினமும் காலை பத்து மணிக்கு நிறம் அளக்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் பலமான வெளிச்சம் காட்டிப் பிரித்துவிட்டு, மறுபடி பெட்டிக்குள். மறுநாள் பத்து மணிக்கு ஒளியின் அலைநீளம் 590 நானோமீட்டர் வந்தால் கலந்துவிட்டது என்று அர்த்தம். எண் ஏற ஏறச் சிவப்பு, எனக்குத் துக்கம். அளக்கும்போது படும் வெளிச்சம் ஒரு நொடி, அதுவும் வடிகட்டியது, அதனால் ஒன்றும் ஆகாது.

இன்று முதல் அளவு 590. நல்ல தொடக்கம். கேன்டீனில் பூரி.

ஜூலை 2, செவ்வாய்

ஒன்பது நாற்பதுக்கே வந்துவிட்டேன். அளக்க இன்னும் இருபது நிமிடம். பெட்டியைத் திறந்து என் ஊதா டார்ச்சால் ஒரே ஒரு பார்வை. கள்ளநோட்டு பார்க்க பஜாரில் விற்பார்களே, அந்தக் குட்டி டார்ச். ஆரஞ்சு மிட்டாய் மாதிரி ஒளிர்ந்தன. குட்மார்னிங் சொல்லி, பத்து எண்ணி, மூடிவிட்டேன்.

அளவு 596. முதல் நாள்தானே, போகப் போகச் சரியாகும்.

ஜூலை 4, வியாழன்

604. கைடு சற்குணம் சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஏம் ஏறுது?" என்று கேட்டார். தெரிந்தால் நான் ஏன் உங்களிடம் வருகிறேன் சார் என்று மனதுக்குள் சொன்னேன். இவருக்கு இந்த டைரியில் கடுக்காய் என்று பெயர் வைக்கிறேன். வாயில் போட்டதும் மூஞ்சி சுருங்கும், உடம்புக்கு நல்லது என்பார்கள், யாரும் ஆசைப்பட்டுத் தின்பதில்லை.

காலையில் கொஞ்சம் கவலையாக இருந்ததால் இருபது எண்ணும்வரை படிகங்களைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தார்கள்.

ஜூலை 6, சனி

603. ஒன்று குறைந்ததற்கு மகிழ்ச்சியடைகிற நிலைக்கு வந்துவிட்டேன். காலையில் இருபது எண்ணினேன், அதற்கு மேல் இல்லை, எனக்கும் கட்டுப்பாடு உண்டு.

அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து நாலு தடவை போன். சாப்பிட்டாயா, தூங்கினாயா, தலைக்குக் குளித்தாயா. நிமிடத்துக்கொரு தடவை எட்டிப் பார்த்தால் பிள்ளை எப்படி உருப்படும் என்று எரிந்து விழுந்துவிட்டேன். பாவம். நாளைக்கு ஊருக்குப் போய்ச் சமாதானம் செய்ய வேண்டும்.

துணி துவைத்தேன். மஞ்சள் சுடிதார் சாயம் போய்விட்டது.

ஜூலை 7, ஞாயிறு

ஊரில் இருந்தேன். இன்று அளக்கும் முறை கோமதிநாயகத்தினுடையது. எனக்கு இரண்டு வருடம் ஜூனியர், ஹாஸ்டலிலேயே கிடப்பவன், பேனா மூடியைக்கூட ஒரு சுற்று அதிகமாகத் திருகி மூடுகிறவன். பத்து ஐந்துக்குச் செய்தி அனுப்பினான்: 590.

சட்டியில் இருந்த கூழ்வற்றலை அப்படியே கீழே வைத்துவிட்டு ஆடினேன். அம்மா மாப்பிள்ளை ஏதோ அமைந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள்.

ஜூலை 8, திங்கள்

607. காலையில் இருபத்தைந்து எண்ணினேன், நேற்றைய சந்தோஷத்தில். நேற்று மட்டும் எப்படி 590? ஞாயிற்றுக்கிழமை என்று படிகத்துக்குத் தெரியுமா?

ஜூலை 9, செவ்வாய்

டார்ச் மங்கலாகிவிட்டது. இருபத்தைந்து எண்ணியும் சரியாகத் தெரியவில்லை. சாயங்காலம் ரயில் சந்திப்புக் கடையில் புது பாட்டரி வாங்கிப் போட்டேன். அளவு 606.

ஜூலை 10, புதன்

புது பாட்டரி பிரமாதம். முப்பது எண்ணினேன். எண்ணி முடிப்பதற்குள் ஓரமெல்லாம் லேசாகச் சிவந்த மாதிரி தெரிந்தது. என்னைப் பார்த்து வெட்கம்போல. பிள்ளைகள்!

அளவு 619. பகல் முழுக்க யாரிடமும் பேசவில்லை. கடுக்காய் பேசியது. வெளிச்சம் படிகத்தை நிரந்தரமாகக் கெடுத்திருக்கலாம், கலப்பதாவது ஒன்றாவது என்றார். அப்படியானால் அத்தியாயம் குப்பைக்கூடைக்கு. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை 590 எப்படி வந்தது என்று கேட்டேன். அதைத்தான் நீ கண்டுபிடிக்க வேண்டும் என்றார்.

ஜூலை 11, வியாழன்

காய்ச்சல். ஹாஸ்டலில் படுத்திருந்தேன். நாயகம் பிளாஸ்கில் சுக்குக் காப்பி கொடுத்தனுப்பினான். கருப்பட்டி சரியாக இருந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

ஜூலை 12, வெள்ளி

தலை இன்னும் கிண்ணென்று இருக்கிறது. நேற்றைய அளவை நாயகம் பதிவேட்டில் எழுதி வைத்திருப்பான், பார்க்கத் தெம்பில்லை. இன்று முப்பது எண்ணினேன், ஒரு நாள் பார்க்காதது ஏக்கமாக இருந்தது. அளவு 620.

ஜூலை 14, ஞாயிறு

மறுபடி நாயகத்தின் முறை. மறுபடி 590.

குளித்துக்கொண்டிருக்கும்போது பொறி தட்டியது. ஞாயிற்றுக்கிழமை யார் வருவதில்லை? மிக்கேலம்மாள் அக்கா! லேபைப் பெருக்கித் துடைக்கிற அக்காவிடம் இருட்டறைச் சாவி இருக்கிறது. தினமும் ஒன்பது மணிக்குத் திறந்து பெருக்குகிறாள். பெருக்க வேண்டுமானால் விளக்குப் போட வேண்டும். பெட்டி மூடியிடுக்கு வழியாக வெளிச்சம் போயிருக்கும். இத்தனை நாள் எனக்கு ஏன் தோன்றவில்லை! துண்டைக் கட்டிக்கொண்டே வந்து இதை எழுதுகிறேன்.

ஜூலை 15, திங்கள்

ஒன்பது மணிக்கு முன்பே போய் மறைந்து நின்றேன். சொன்னபடியே அக்கா இருட்டறைக் கதவைத் திறந்துகொண்டு, துடைப்பமும் கையுமாக உள்ளேயிருந்து வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்து, காய்ச்சல் விட்டுட்டா என்று கேட்டாள்.

அவள் போனதும் பெட்டிக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். முப்பத்திரண்டு எண்ணினேன். அளவு 621. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

சாரிடம் சொன்னேன். எழுத்தில் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். "ஊழியரின் கவனக்குறைவால்" என்ற சொல்லை நான்தான் போட்டேன். கையெழுத்து அவருடையது.

ஜூலை 16, செவ்வாய்

ஆபீஸ் இவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. என் ஸ்காலர்ஷிப் தாள் எட்டு மாதம் ஊர்ந்தது. இது ஒரே நாளில். அக்காவைப் பழைய வளாகத்தில் இருக்கும் விடைத்தாள் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அக்காவின் வீடு இங்கே பின்வாசலுக்கு எதிரில். லாரியில் அடிபட்டுக் காலில் தகடு வைத்துப் படுத்திருக்கும் புருஷனுக்கு மத்தியானம் ஓடிப்போய்ச் சோறு கொடுத்துவிட்டு வருவாள். கிடங்குக்கு இரண்டு பஸ்.

சாவியை என்னிடமே கொடுக்க வந்தாள். நான் அளவுக் கருவியைத் துடைப்பதுபோல் பாவனை செய்தேன்.

"நான் லைட்டே போடமாட்டேன் பிள்ள" என்றாள். "நீ வந்த முத வருசம் சொன்னேல்லா, இந்த ரூமுக்கு வெளிச்சம் ஆகாதுன்னு. அன்னையில இருந்து இருட்டுலதான் பெருக்குதேன். எந்த மூலைல எந்த மேசக்காலுன்னு எனக்கு மனப்பாடம்."

சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பிடிபட்டவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள்.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. சாம்பாரில் உப்பு அதிகம்.

ஜூலை 18, வியாழன்

நேற்றைய பொழுது உதவித்தொகைத் தாள்களோடு போயிற்று, எழுதவில்லை. இன்று அறையை நானே பெருக்கினேன். இருட்டில் பெருக்க முயன்றேன், முழங்காலில் மேசை இடித்துவிட்டது. அக்கா இல்லாமல் படிகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆசை. முப்பத்தெட்டு எண்ணினேன்.

அளவு 627.

நிச்சயமாக எண்ணை மாற்றிப் படித்திருக்கிறேன் என்று மூன்று தடவை அளந்தேன். 627, 627, 627.

ஜூலை 19, வெள்ளி

பயமாக இருக்கிறது. காலையில் டார்ச்சை அணைக்கக் கை வரவில்லை. நாற்பத்தைந்து. 634.

ஜூலை 20, சனி

நாயகம் என் மேசைமேல் ஒரு தாளை வைத்துவிட்டு, கிரிக்கெட் பார்க்கப் போகிறேன் என்று நழுவிவிட்டான். அவன் கிரிக்கெட் பார்த்ததாகச் சரித்திரமே இல்லை.

தாளில் மூன்று பத்திகள். தேதி, அளவு, அன்று லேபில் யார் யார். எனக்கு முதலில் கண்ணில் பட்டது 11ஆம் தேதி. நான் காய்ச்சலில் கிடந்த வியாழன். அன்று அக்கா வந்திருக்கிறாள், பெருக்கியிருக்கிறாள். அளவு 590.

ஏழு, பதினொன்று, பதினான்கு. மூன்று நாளும் 590. அந்த மூன்று நாளும் வராத ஆள் யார் என்று அவன் எழுதவில்லை. கடைசிப் பத்தியில் ஒரு பெயர் இருக்கும் இடத்தில் மட்டும் கோடு போட்டிருந்தான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இரண்டு வருட ஜூனியர்! நான் என்ன செய்தேன்? தினமும் வந்தேன், அளந்தேன், எழுதினேன். நாளைக்கு இந்த டைரியை எடுத்து ஒவ்வொரு நாளும் நான் ஒன்றுமே செய்யவில்லை என்று அவன் மூஞ்சியில் காட்டுகிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

காட்டவில்லை.

காலையிலிருந்து மத்தியானம் வரை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். பத்து. இருபது. இருபது. இருபத்தைந்து. முப்பது. ஊதா டார்ச். ஆறு வருடம் இந்தப் படிகத்தோடு குடும்பம் நடத்தியவள் நான். ஊதா வெளிச்சத்தை இது எப்படி விழுங்கும் என்று மாநாட்டில் படம் போட்டுக் காட்டி இருக்கிறேன். அது என் கண்ணெதிரே பிரிந்து சிவந்ததை வெட்கம் என்று எழுதிவைத்திருக்கிறேன்.

பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. சோதனையைத்தானே பதிவேட்டில் எழுதுவோம்? நான் பார்த்ததைச் சோதனை என்றே நினைக்கவில்லை. நலம் விசாரித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எண் ஏற ஏறப் பயந்து அதிக நேரம் பார்த்தேன், அதிக நேரம் பார்க்கப் பார்க்க எண் ஏறியது. அம்மாவிடம் எரிந்து விழுந்தேனே, அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது காது சுட்டது.

அக்கா ஆறு வருடம் இருட்டில் பெருக்கியிருக்கிறாள்.

ஜூலை 22, திங்கள்

டார்ச்சை ஹாஸ்டல் பெட்டியில் பூட்டிவிட்டு வந்தேன். பத்து மணி வரை கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். நாயகம் எதிரில் உட்கார்ந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

590.

பத்து நிமிடத்தில் சார் வந்துவிட்டார். எண்ணைப் பார்த்ததும் இந்த ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவர் பல்லைப் பார்த்தேன்.

"பாத்தியா? ஆள மாத்துனதும் சரியாயிட்டு. பழைய கேடு ஆற நாலஞ்சு நாள் எடுத்துருக்கு, அவ்வளவுதான். முப்பத்தொண்ணு வரைக்கும் இப்படியே எடு. கமிட்டில இதையே சொல்லிரு."

சரி சார் என்றேன். வாய் தானாகச் சொல்லிற்று.

ஜூலை 23, செவ்வாய்

590. சொல்லவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இனி நான் பார்க்காமல் இருந்தால் கமிட்டிக்குள் பத்து நல்ல அளவு கையில் இருக்கும். முன்னால் வந்ததெல்லாம் ஊழியரின் கவனக்குறைவு, ஆளை மாற்றினோம், சரியாயிற்று. யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். நான் முனைவர். ஒவ்வொரு 590உம் அக்காதான் காரணம் என்று இன்னொரு கையெழுத்துப் போடும். நான் ஒழுங்காக இருக்க இருக்க அவள் கள்ளியாகிக்கொண்டே போவாள்.

சொன்னால் முதல் மூன்று வாரம் பாழ் என்று கமிட்டி தூக்கிப் போட்டுவிடலாம். பொய்ப் புகார் எழுதினாள் என்றும் சேர்த்துப் பேசுவார்கள். அப்புறம் ஆகஸ்டில் நான் வீட்டில் வற்றல் வறுக்க வேண்டியதுதான்.

நாயகத்திடம் கேட்டேன், அவனாக இருந்தால் என்ன செய்வான் என்று. "நான் பாத்துருக்கவே மாட்டேன்" என்றான். எவ்வளவு உதவியான பதில்!

ஜூலை 24, புதன்

590.

பத்தேகாலுக்குச் சார் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். நின்றபடியே முழுவதையும் சொன்னேன். டார்ச், பத்து எண்ணியது, பாட்டரி, அக்கா லைட் போட்டதே இல்லை என்பது, அந்தப் புகாரில் இருந்த சொல் என்னுடையது என்பது. நடுவில் அழுகை வந்தது, அதோடேயே சொன்னேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். நான் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன வினாடி?" என்றார்.

"சார்?"

"ஒவ்வொரு நாளும் எத்தன எண்ணுன? எழுதி வச்சிருக்கியா?"

"டைரில இருக்கு சார்."

"கொண்டா."

ஹாஸ்டலுக்குப் பாதி வழி ஓடிய பிறகுதான் உறைத்தது. இந்த டைரி. கடுக்காய் இருக்கிற டைரி. சுக்குக் காப்பி இருக்கிற டைரி. எண்களை மட்டும் தனித்தாளில் எழுதித் தரட்டுமா என்று திரும்பி வந்து கேட்டேன். மூலத்தைத்தான் பார்க்க வேண்டும், அன்றன்று எழுதியதுதான் சான்று, பிறகு எழுதியது கதை என்றார். சரியாகத்தான் சொல்கிறார். அதுதான் கஷ்டம்.

அக்காவின் மாற்றத்தை ரத்து செய்யச் சொல்லி அவரே கடிதம் எழுதினார். பழைய புகாரில் உள்ளது தவறு, விசாரிக்காமல் கையெழுத்திட்டது என் பிழை என்று போட்டார். என் பெயரை முன்னால் தள்ளவில்லை. நான் என் வரியைச் சேர்த்து என் கையெழுத்தையும் போட்டேன்.

இதை எழுதிவிட்டு டைரியைக் கொடுக்கப் போகிறேன். சார், நான்காம் தேதிப் பக்கத்தைத் தயவுசெய்து வேகமாகத் தாண்டிவிடவும்.

ஜூலை 25, வியாழன்

டைரி திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் பச்சை மையில் கையெழுத்தும் தேதியும். நான் எண்ணிய இடங்களிலெல்லாம் அடிக்கோடு. சுக்குக் காப்பிக்கு எதிரே "ஆய்வுக்குத் தொடர்பில்லை." நான்காம் தேதிப் பக்கத்தில் கடுக்காயைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் "ஏற்கப்பட்டது."

இரண்டு பஸ் மாறி கிடங்குக்குப் போனேன். கூரைவரை விடைத்தாள் கட்டுகள். அக்கா முக்காலியில் நின்று கட்டுகளை மேல்தட்டில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் கடித நகலை நீட்டினேன். வாங்கவில்லை. கட்டை எடுத்துக் குடு என்றாள். கொடுத்தேன். அடுத்தது என்றாள். மூன்று மணி வரை கொடுத்தேன். இடையிடையே எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு கட்டுக்கு ஒரு வரி வீதம். என் தலையெல்லாம் தூசி.

கடைசிக் கட்டை ஏற்றிவிட்டு இறங்கினாள்.

"ஆறு வருசமா ஒன் கூட இருக்கேன். ஒரு வார்த்த, அக்கா நீ லைட் போட்டியான்னு என்ட்ட கேக்கல பாத்தியா. அதுதான் பிள்ள எனக்கு."

தப்புதான் அக்கா என்றேன். அவள் கடிதத்தை வாங்கி ரவிக்கைக்குள் மடித்து வைத்தாள். திங்கட்கிழமை வருவாளாம். எனக்காக இல்லையாம், வீடு பக்கத்தில் என்பதற்காகவாம். பஸ் ஸ்டாப்பில் தூசியைத் தட்டிவிட்டு ஒரு வடை வாங்கிக் கொடுத்தாள். நான் அதைத் தின்றுகொண்டே அழுதேன். பக்கத்தில் நின்றவர் வடை காரமா என்று விசாரித்தார்.

ஜூலை 29, திங்கள்

அக்கா வந்துவிட்டாள். ஒன்பது மணிக்கு இருட்டறைக்குள் துடைப்பச் சத்தம் கேட்டது. ஒரு மேசைக்கால்கூட இடிபடவில்லை.

590.

ஜூலை 31, புதன்

முடிந்தது.

நல்ல அளவுகளை மட்டும் காட்டவில்லை, எல்லாவற்றையும் காட்டினேன். நான் எண்ணிய எண்ணிக்கை கீழே, நிற மாற்றம் பக்கவாட்டில். நாயகம் வரைந்துகொடுத்த படம். புள்ளிகள் ஒரே கோட்டில் வராமல் இரண்டு கோடுகளாக ஏறின. மதுரையிலிருந்து வந்திருந்த அம்மையார் மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்தி, பத்தாம் தேதியிலிருந்து புள்ளிகள் ஏன் வேறு கோட்டுக்குத் தாவுகின்றன என்று கேட்டார்.

புது பாட்டரி மேடம் என்றேன்.

முதலில் சிரித்தது கடுக்காய். பிறகு எல்லாரும். அம்மையார் சிரித்து முடித்து, பத்து வினாடி மலிவான டார்ச்சுக்கே அணுக்கள் இடம் மாறுகின்றன, ஒரு நாள் இருட்டில் ஒவ்வொரு தடவையும் திரும்புகின்றன, இரண்டையும் நீயே உனக்குத் தெரியாமல் நிரூபித்திருக்கிறாய் என்றார். எண்ணுவதை நம்ப முடியாது, கடிகாரம் வைத்து ஒரு வாரம் முறையாகத் திரும்ப எடுத்துச் சேர்க்க வேண்டும். அந்த நிபந்தனையோடு அத்தியாயம் தேறியது. பொய்ப் புகாருக்கு எச்சரிக்கை என் கோப்பில் ஏறிவிட்டது. ஏறட்டும். அது உண்மைதானே.

டைரி ஆய்வேட்டின் பின்னிணைப்பாகப் போகுமாம். நாயகத்திடம் சொன்னேன். பதினொன்றாம் தேதியும் போகுமா என்று கேட்டான். போகும் என்றேன். பேனா மூடியைத் திருகினான், திருகினான், மூடி உடைந்துவிட்டது.

ஆகஸ்ட் 8, வியாழன்

முறையான அளவுகள் முடிந்தன. கடிகாரம், அளவிட்ட வெளிச்சம், எல்லாம் சுத்தம். இனி இந்தக் கண்ணாடித் துண்டுக்கு வேலையில்லை.

சாயங்காலம் அக்கா வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாசலில் நின்றாள். இத்தனை வருடமும் அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று தான் பார்த்ததே இல்லை என்றாள். கேட்ட மாதிரியும் இல்லை, கேட்காத மாதிரியும் இல்லை.

நான் அவளை இருட்டறைக்குள் கூட்டிப்போனேன். உண்மையில் அவள்தான் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள், எனக்கு அந்த மேசைக்கால்கள் இன்னும் பழகவில்லை. பெட்டியைத் திறந்து ஊதா டார்ச்சை அவள் கையில் கொடுத்தேன்.

ஆரஞ்சு. அக்கா மூச்சுக்கூட விடவில்லை. கொஞ்ச நேரத்தில் ஓரம் சிவந்தது, பிறகு நடுவும் சிவந்தது. நான் உள்ளே அயோடின் நகர்வதைச் சொல்ல வாயெடுத்தேன், பேசாதே என்று கையைத் தட்டினாள். எண்ணவில்லை அவள். அணைக்கவும் இல்லை.

"இதப் பாக்காம எப்படிட்டி இருப்ப?" என்றாள், ரொம்ப நேரம் கழித்து. "நானா இருந்தாலும் பாத்துருப்பேன்."

பதிவேட்டில் எழுதினேன். பார்த்தவர் மிக்கேலம்மாள். வெளிச்சம் நாலு நிமிடம் பத்து வினாடி, புது பாட்டரி. கையெழுத்துப் போடச் சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நிதானமாகப் போட்டாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

590.